ஐந்து ரமலான்களின் மதியச் சோறு

மகனே சாகுல்,

ஆண்டவனின் சலாம் உன் மேல் இறங்கட்டும். நான் நலம், வீடு நலம், மண்டபத்தில் வாழ்க்கைப்பட்ட உன் லாத்தாவும் பிள்ளைகளும் நலம். இதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. உன் கடிதம் வந்து இன்றோடு ஒன்பது நாள். ஒன்பது நாளும் பதில் எழுத உட்கார்ந்து, நாலு வரி எழுதி, கிழித்து அடுப்பில் போட்டேன். இன்று லுஹர் தொழுதுவிட்டு, முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று நிய்யத்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். நீயும் இதை எலிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டே படிக்காதே. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படி. சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் தீசிஸை நிறுத்து. அது சர்வகலாசாலைக்குப் போகக் கூடாது. வாப்பாவின் நோட்டை வைத்து நீ எழுதியிருக்கிற அத்தியாயம் முழுவதும் தப்பு. அந்தத் தப்பில் பெரும்பங்கு என்னுடையது. என் பங்கை ஒளிக்காமல் எழுதப்போகிறேன். உன் பங்கையும் சொல்லாமல் விடமாட்டேன்.

உன் கடிதம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் வாப்பாவின் சிறுநீரில் சாயங்கால வேளையில் சர்க்கரையே இல்லை. சாப்பாடு மாறவில்லை, ஊசி மருந்தின் அளவு மாறவில்லை, ஆனாலும் சர்க்கரை இல்லை. அந்த மாதம் வருஷத்துக்கு வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. முதல் வருஷம் சித்திரையில் வந்தது ஐந்தாம் வருஷம் மாசிக் கடைசிக்கு வந்துவிட்டது. மனித உடம்புக்குள் இதுவரை யாரும் அறியாத ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறாய். பேராசிரியர் உன்னைக் கட்டிப்பிடித்தார், அடுத்த மாதம் தீசிஸ் போகிறது, அதன் பலத்தில் வெளிநாட்டில் இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைக்கும் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். முதல் பக்கத்தில், ஒரு நாள் தவறாமல் உண்மைக் கணக்கு எழுதிய என் தாயாருக்கு என்று போடப்போகிறாயாம். அந்த வரியைப் படித்தபோது போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அதற்கு மேல் படிக்கக் கண் ஓடவில்லை.

ஏலே, வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்கிற மாதம் எது என்று ஓதுகிற பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளையைக் கேட்டால் சொல்லுமே! அது ரமலான். உன் வாப்பா நோன்பு வைத்தார். ஐந்து வருஷமும் வைத்தார். உனக்குத் தெரியாமல் வைத்தார். அதை நான் மறைத்தேன். நீ கண்டுபிடித்த கடிகாரம் நம் பெரியபட்டினத்துப் பள்ளிவாசலில் பிறை பார்த்து நகரா அடிக்கிறார்களே, அதுதான். ஆய்வுக்கூடத்துச் சுவரில் இங்கிலீஷ் மாதக் காலண்டர் ஒன்றுதான் தொங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முஸ்லிம் வீட்டில் பிறந்து, இருபது பெருநாளுக்குப் புதுச்சட்டை போட்டவனுக்கு, அந்த ஐந்து தேதிகளையும் வரிசையாக எழுதிப் பார்க்கும்போது மனசில் ஒரு பொறி தட்டவில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. இத்தனை வருஷப் படிப்பு உனக்கு எதைக் கற்றுக்கொடுத்தது? உன் மாமி கேட்பாளே, "எலிக்குச் சோறு போடுறதுக்கா பத்து வருசம் படிச்சான் உம் மவன்? எங்க வீட்டுப் பூனைக்குத் தெரியாத எலியா?" என்று. அவளோடு எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது வந்து கேட்டால் வாயை மூடிக்கொண்டு வெற்றிலைத் தட்டை எடுத்து வைப்பேன்.

கோபத்தில் முன்பின்னாக எழுதுகிறேன். முறையாகச் சொல்கிறேன். உன் வாப்பா கொழும்புக் கடையை உன் சின்னவாப்பாவிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது பாதி ஆளாக வந்தார். குடத்துத் தண்ணீரை ஒரே நாளில் குடித்துத் தீர்த்தார். ராமநாதபுரத்து டாக்டர் சக்கரை வியாதி என்று சொல்லி, தினமும் காலையில் இன்சுலின் ஊசி என்று எழுதிக்கொடுத்தார். நீ அப்போதுதான் மெட்ராசில் இந்த வியாதியைப் பற்றிய ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தாய். ஒரு சின்னத் தராசு, கண்ணாடிக் குழாய்கள், ஸ்பிரிட் விளக்கு, நீல மருந்து, கோடு போட்ட பெரிய நோட்டு எல்லாம் கொண்டுவந்து என் முன்னால் பரப்பினாய். எட்டுச் சொட்டுச் சிறுநீர், ஒரு கரண்டி நீல மருந்து, கொதிக்கவைத்து நிறம் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. தினமும் சாயங்காலம் அசர் நேரத்தில் பார்த்து எழுதவேண்டும் என்றாய். அசர் தொழுகைக்கு ஒளூ செய்து சுத்தமாகப்போகிற நேரத்தில் மூத்திரத்தைக் கையில் எடுக்கச் சொல்கிறானே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. சோதனைக்கு ஒரு பழைய சேலை, தொழுகைக்கு ஒரு சேலை என்று பிரித்து வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே கிணற்றடியில் குளித்து, நாலரை வருஷம் அதைச் செய்தேன். நீ ஒருநாளும் கேட்டதில்லை, உம்மா இது உங்களுக்குக் கஷ்டமா என்று.

கஷ்டம் என்று சொன்னாலும், அந்த நோட்டு எனக்குப் பிடித்திருந்தது. நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை என்று உனக்குத் தெரியும். சிறு பிள்ளையில் குர்ஆன் ஓதினேன். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் படித்தேன். அதோடு முடிந்தது. உன் வாப்பாவின் கொழும்புக் கடிதங்களை வேறு ஆளை வைத்துப் படிக்க வெட்கமாக இருந்ததால், மளிகை மடித்து வந்த தாள்களை வைத்துத் தமிழ் எழுத்தை நானாகக் கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்ற எழுத்துக்கு ஒரு மரியாதையான வேலை கிடைத்தது போல இருந்தது, நீ கொடுத்த நோட்டு. எத்தனை ஆப்பம், எத்தனை அவுன்ஸ் சோறு, எந்த மீன், எல்லாம் நிறுத்து எழுதினேன். மூன்றாவது கட்டத்தின் தலைப்பை நீயே உன் கையால் எழுதினாய். ‘கொடுத்த சாப்பாடு' என்று. அதை நினைவில் வைத்துக்கொள். சாப்பிட்ட சாப்பாடு என்று நீ எழுதவில்லை.

முதல் ரமலான் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் உன் கடிதம் வந்தது. வாப்பா நோன்பு வைத்தால் இனி மெட்ராசிலிருந்து இன்சுலின் அனுப்பமாட்டேன், வீட்டுப் பக்கமே வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு ஒவ்வோர் எழுத்தும் ஞாபகம் இருக்கிறது. சட்டம் உன் பக்கம்தான். நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை, விட்ட நாள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏழைக்கு ஒருவேளை சோறு கொடுத்தால் போதும், அதுதான் ஃபித்யா என்று நம் ஆலிமும் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். உன் வாப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அவர் போனதும் என்னிடம் சொன்னார், "ஆலிமு சட்டத்தச் சொல்றாரு, புள்ள. நான் என் ஆசையச் சொல்றேன். கொழும்புல கல்லாவுல உக்காந்து எத்தன நோம்ப அரகொறயா வச்சிருக்கேன். இன்னும் எத்தன ரமலான் எனக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"உங்க மவன் ஊசி மருந்து அனுப்ப மாட்டேங்கிறான்."

"அவன்ட்டச் சொல்லாத."

"நோட்டுல எழுதணுமே. பொய் எழுதச் சொல்றீகளா?"

அவர் சிரித்தார். "ஒன்னயப் பொய் எழுதச் சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கு? நோம்பும் வைக்கிறேன், ஃபித்யாவும் கொடுக்குறேன். அதுக்குள்ள நீ எப்படி எழுதுவியோ எழுதிக்க."

எப்படி எழுதினேன் என்பதற்கு முன்னால், முதல் நோன்பு நாள் நடந்ததை எழுதவேண்டும். வழக்கம்போல விடிந்ததும் ஊசியைப் போட்டுவிட்டேன். மருந்து வேறு, சோறு வேறு என்றுதான் என் அறிவுக்கு எட்டியிருந்தது. பகல் பதினோரு மணிக்கு அவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கிறேன், தஸ்பீஹ் கீழே கிடக்கிறது. சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு வேர்வை வரும். கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து, "கப்பல் வந்துருச்சா?" என்று கேட்கிறார். எனக்கு உயிர் போய் வந்தது. கருப்பட்டியை உடைத்து வாயில் திணித்தேன், தண்ணீரை ஊற்றினேன். கால் மணியில் கண் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார்.

"நோம்பு போச்சா?" என்று கேட்டார்.

"உசுரு போகல. அது போதும்."

"போன நோம்பப் பெருநாள் கழிச்சுப் பிடிச்சுக்கலாம்," என்றார், பஸ்ஸைத் தவறவிட்டவர் போல.

மருந்து உள்ளே போனால் சோறும் உள்ளே போகவேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மறுநாளிலிருந்து ஊசியைப் பொழுது சாய்ந்து சொல்கிற மஃரிபு பாங்குக்கு மாற்றினேன். அவர் பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் வைத்து நோன்பு திறப்பார், நான் ஊசி போடுவேன், பிறகு கஞ்சி. அளவையும் குறைத்தேன். ஒரேயடியாகக் குறைக்கப் பயம். இரண்டிரண்டு அளவாகக் குறைத்து, நிறத்தைப் பார்த்து, பாதியில் கொண்டுவந்து நிறுத்தினேன். யாரைக் கேட்டேன் என்று கேட்காதே. கேட்க ஆள் இருந்தது, மெட்ராசில். அவனைக் கேட்கமுடியாதபடி அவனே கதவை அடைத்து வைத்திருந்தான்.

இப்போது மதியச் சோற்றைப் பற்றிச் சொல்கிறேன். நோன்பு மாதத்தில் நானும் நோன்புதான். ஆனாலும் தினமும் மதியம் அடுப்பு மூட்டினேன். வாப்பாவுக்கு நீ எழுதிக்கொடுத்த அளவிலேயே சோறு, மீன், கீரை எல்லாம் சமைத்து, தராசில் நிறுத்து, நோட்டில் எழுதி, தட்டுப் போட்டு மூடி வைப்பேன். அசருக்குப் பிறகு ஹனீபா காக்கா வருவார். அவரை உனக்குத் தெரியும், சங்கு குளித்துக் குளித்துக் காது போனவர், உப்பளத்துப் பக்கம் குடிசையில் தனியாக இருப்பவர். வாப்பாவின் ஃபித்யாச் சோறு அவருக்கு. வாங்கிக்கொண்டு போய் நோன்பு திறந்து சாப்பிடுவார். கொடுத்த சாப்பாடு என்று கட்டத்துக்குத் தலைப்பு. நிறுத்தேன், கொடுத்தேன், எழுதினேன். யாருக்குக் கொடுத்தேன் என்று நோட்டில் கேள்வி இல்லை. இப்படித்தான் என் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆண்டவன் முன்னால் இந்தச் சமாதானம் செல்லாது என்று அன்றைக்கும் தெரியும். ஹனீபா காக்காவுக்கே அது செல்லவில்லை. சக்கரை வியாதிக்காரரின் அளவுச் சோறு அவருக்கு எந்த மூலைக்கு? காது கேளாதவர், தெருவுக்கே கேட்கும்படி கத்துவார், "என்ன மதினி, எனக்கும் சக்கர வியாதியா? இம்புட்டுக்காணு போட்டுருக்கீகளே!" நான் சைகை காட்டி வாயை அடைத்து, தனியாக இரண்டு கரண்டி சேர்த்துப் போடுவேன். அந்த இரண்டு கரண்டியை நோட்டில் எழுதவில்லை.

ஊசியின் கட்டத்துக்கு இப்படி எந்த வழியும் கிடைக்கவில்லை. அங்கே பச்சைப் பொய்தான் எழுதினேன். காலை ஏழு மணி, பழைய அளவு என்று எழுதினேன். எழுதும்போது ஒவ்வொரு நாளும் அஸ்தஃபிருல்லாஹ், மன்னித்துவிடு ஆண்டவனே என்று சொன்னேன். சொல்லிவிட்டு எழுதினேன்.

நிறத்தை மட்டும் பொய்யாக எழுத எனக்குக் கை வரவில்லை. குழாயில் கொதித்து நிற்கிற நிறம் என் கண் முன்னால் நிற்கிறது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவரின் சிறுநீர் அசர் நேரத்தில் நீலமாகத்தான் இருந்தது. அதை மஞ்சள் என்று எழுதினால் கண்ணையே பொய் சொல்ல வைக்கிற மாதிரி. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதினேன். இதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். முழுப்பொய் எழுதியிருந்தால் உனக்கு ஒரு கெடுதலும் இல்லை, அந்த மாதமும் மற்ற மாதங்களைப் போல நோட்டில் கிடந்திருக்கும். முழு உண்மை எழுதியிருந்தாலும் கெடுதல் இல்லை. பாதிக்குப் பாதி கலந்து எழுதினேன். ஹனீபா காக்கா தின்ற சோற்றுக்கு உன் வாப்பாவின் மூத்திரத்தைக் கணக்குப் பார்த்து, நீ ஒரு கடிகாரத்தைக் கண்டுபிடித்துவிட்டாய்.

இனி உன் பங்குக்கு வருகிறேன். மூன்றாம் வருஷம், ரமலான் பிறை பத்தொன்பது. சொல்லாமல் கொள்ளாமல் நீ வந்து நின்றாய். மண்டபத்தில் ஏதோ கூட்டம் என்று வந்தவன், லாத்தாவைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் பிடித்து வந்திருந்தாய். பிரயாணி என்பதால் உனக்கு நோன்பு இல்லை என்று நானே உன் சார்பில் நினைத்துக்கொண்டு கேட்காமல் இருந்தேன். மணி ஒன்றரை. நிறுத்து மூடி வைத்திருந்த தட்டைத் திறந்து பார்த்தாய்.

"வாப்பாவோட சாப்பாடா? இன்னும் சாப்பிடலையா? நேரம் தவறக் கூடாதுன்னு எத்தன தடவ எழுதுறது?"

"பசி எடுக்கலப்பா," என்றார் வாப்பா.

"பசி எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? ஊசி போட்டா சாப்பிட்டே ஆகணும். வாங்க, எதிர்க்க உக்காருங்க. நானும் சாப்பிடுறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் நான் வாய் திறந்திருந்தால் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது. திறக்கவில்லை. அவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லி ஒரு பிடி சோற்றை எடுத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, வாயில் போட்டார். நீ மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "பாத்தீகளா வாப்பா, நோயாளிக்கு நோம்பு இல்லன்னு ஆண்டவனே சொல்லிருக்கான். நாமதான் வம்புக்கு வைக்கிறது," என்றாய். "ஆமப்பா," என்றார். தட்டில் ஒரு பருக்கை வைக்காமல் சாப்பிட்டார். அப்படி அவர் வழித்துச் சாப்பிட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நீ ரசத்துக்கு உப்புக் குறைவு என்றாய். நோன்பாளி சமைத்தது, உப்புப் பார்க்காமல் வைத்தது என்று கூட உனக்குத் தோன்றவில்லை.

அசருக்குப் பிறகு கொல்லைப்புறத்தில் ஹனீபா காக்கா. "மதினி! சோத்துச் சட்டி எங்கன? மவன் வந்ததும் என்னய மறந்துட்டீகளா?"

"யாரும்மா அது?" என்றாய்.

"ஃபித்யாச் சோறு கேக்குறாரு."

"கொடுங்களேன்."

கொடுக்க என்ன இருந்தது? பள்ளிவாசல் கஞ்சியில் ஒரு செம்பும் இரண்டு பேரீச்சம்பழமும் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்குக் காலையில் ஊசி இல்லை, மதியம் வயிறு நிறையச் சோறு. குழாய் கொதித்ததும் செங்கல் நிறம். நீயே பக்கத்தில் நின்று பார்த்தாய். "என்ன உம்மா, எட்டுச் சொட்டுக்குப் பத்துச் சொட்டு விட்டீகளா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, நோட்டில் என் எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டாய். மறுநாள் காலை ரயிலுக்குப் போய்விட்டாய். வாப்பா அந்த ஒரு நோன்பைப் பெருநாள் கழித்துப் பிடித்தார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பயலுக்கு மெலிஞ்ச ஒடம்பு, நல்லாச் சாப்பிட்டான்ல?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாய்: ஐந்து மாதங்களில் ஒரே ஒரு நாள் பொருந்தவில்லை, மூன்றாம் வருஷம், செங்கல் நிறம், உங்கள் கைத்தவறாக இருக்கும் என்று அதை நீக்கிவிட்டேன், பேராசிரியரும் சரி என்றார் என்று. மகனே, அந்த ஐந்து மாதங்களில் மதியச் சோற்றின் கணக்கு முழுசும் சரியாக இருக்கிற நாள் அது ஒன்றுதான். அதைத்தான் பொறுக்கி எடுத்து வெளியே போட்டிருக்கிறாய். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன், குழாயைக் கண்ணால் பார்த்தவன், அந்தத் தேதியை மறந்துவிட்டு உம்மாவின் கை தவறியது என்று எழுதியிருக்கிறாய். என் பொய்யைக் கூட ஆண்டவன் மன்னிப்பான் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இதை நான் எப்படி மன்னிப்பது என்றுதான் ஒன்பது நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். வேண்டிய நாளை வைத்துக்கொண்டு வேண்டாத நாளைத் தள்ளுவதற்குப் பெயர் ஆராய்ச்சி என்றால், அதை நான் சமையற்கட்டில் இருந்தே செய்திருப்பேனே, நீ ஏன் மெட்ராஸ் போனாய்?

உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாலு வருஷ வேலை எலிகள் செத்து வீணானது தெரியும். மருந்துச் சரக்கு கப்பலில் வராமல் மாதக்கணக்கில் கை கட்டி உட்கார்ந்திருந்தது தெரியும். உன்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிப் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டதும் தெரியும். முப்பத்திரண்டு வயதாகிறது, கல்யாணப் பேச்செடுத்தால் தீசிஸ் முடியட்டும் என்கிறாய். முடியப்போகிற நேரத்தில் பெற்றவளே வந்து தட்டிவிடுகிறாள். எனக்கு மட்டும் இது இனிக்கிறதா? வாப்பாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, நோட்டுகளைப் பெட்டியில் வைத்து நீ கட்டும்போது சொல்லியிருக்க வேண்டும். உன் கண் அழுது வீங்கியிருந்தது. இப்போது வேண்டாம், பிறகு எழுதலாம் என்று விட்டேன். பிறகு, இதை வைத்து இவன் என்ன செய்யப்போகிறான் என்று விட்டேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தள்ளிப்போட்ட தப்பு என்னுடையது. ஒன்று மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன், நாளைக்கு நீயும் பெரிய ஆளாகி நூறு நோயாளிகளிடம் கணக்குக் கேட்பாய். கேட்பதற்கு முன்னால் பயமுறுத்தாதே. மருந்து தரமாட்டேன், முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு நோட்டை நீட்டினால், உனக்குப் பிடித்ததைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். நான் எழுதிக் கொடுத்தேனே.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் கை தயங்குகிறது. ஐந்தாம் ரமலான் முடிந்து ஏழு மாதம் கழித்து, கடற்கரையில் சிப்பி கீறி அவர் கால்விரலில் புண் வந்தது. அது கறுத்து, பாதம் ஏறி, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு நாள் கிடந்து மவுத்தானார். நான் மறைத்து வைத்த அந்த ஐந்து மாதங்கள்தான் அவரைக் கொண்டுபோனதா? மாவைக் கரைத்தாலும் அதுதான் கேட்கிறது, ஸுஜூதில் நெற்றி வைத்தாலும் அதுதான் கேட்கிறது. ஆலிமைக் கேட்டால் அவருக்கு எழுதிய ஹயாத்து அவ்வளவுதான் என்கிறார். அது உண்மை, ஈமானோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எனக்கு நிறம் பார்த்துப் பழகிவிட்டது. குழாயில் காட்டிச் சொல்கிற பதில் வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான்.

அதற்கு வேண்டிய கணக்கு இருக்கிறது. உன் நோட்டில் தப்பாக எழுதிய ஒவ்வொரு நாளும், சரியானதை இன்னோர் இடத்தில் எழுதி வைத்தேன். இல்லாவிட்டால் மறுநாள் ஊசியை எந்த அளவில் போடுவது? பைத்துப் பாட்டுகள் எழுதி வைத்திருக்கும் என் சொந்த நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஊசியின் நேரம், குறைத்த அளவு, நோன்பு திறந்து என்ன சாப்பிட்டார், விடியுமுன் ஸஹருக்கு என்ன சாப்பிட்டார், எந்த நாள் மயக்கம் வந்தது, எந்த நாள் குழாய் பச்சை காட்டியது, ஐந்து வருஷமும் இருக்கிறது. அரபுத்தமிழில் எழுதியிருக்கிறேன். வாப்பாவுக்கும் எனக்கும் தவிர வேறு கண்ணுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். உனக்கு அது படிக்க வராது. எட்டு வயதில் உன்னை ஓதுகிற பள்ளியிலிருந்து நிறுத்தி, இங்கிலீஷ் படிக்க ராமநாதபுரம் அனுப்பியவள் நான். அந்தக் குற்றமும் என் கணக்கில் இருக்கட்டும். நோட்டைத் தபாலில் போடமாட்டேன். நீ வா. என் எதிரில் உட்கார். நான் வாசிக்கிறேன், நீ எழுது. நான் வாசிப்பதில் எந்த நாளாவது உனக்குப் பிடிக்காவிட்டாலும் கோடு போட்டு அடிக்கக் கூடாது. சம்மதம் என்றால் வா.

அதற்கு முன்னால் செய்யவேண்டியதைச் செய். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே பேராசிரியரிடம் போய்ச் சொல். என் தாயார் படிக்காதவர், தவறாக எழுதிவிட்டார் என்று சொல்லாதே. நான் படித்தவள்தான். தெரிந்துதான் எழுதினேன் என்று சொல். சொல்ல வெட்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே அவர் கையில் கொடு. வெளிநாடு போகமுடியாமல் போனால் போகட்டும். தாயாருக்கு என்று எழுதிய வரியைக் கிழித்துப் போடு. அந்த ஐந்து மாதங்களையும் எடுத்துவிடு.

பிறை பத்தொன்பதை மட்டும் எடுக்காதே. நீ போட்ட கேள்விக்குறியை அழித்துவிட்டு, அந்த நாளை நடந்தபடியே திரும்ப எழுதி வை. அன்றைக்குக் கொடுத்த சோற்றை உன் வாப்பா சாப்பிட்டார். நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் உம்மா